மறைநூலும் பாசறையும்



வரலாற்றுப் பாடம் நடத்தும் ஆசிரியர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. "யூதர்கள் இவ்வாறு கருதினர்", "கிறித்தவர்கள் இதனை எதிர்த்தனர்", "இந்துக்கள் இதனை ஏற்றனர்" என்று ஒரு சமுதாயம் முழுவதையும் ஒரே வாக்கியத்துக்குள் அடக்கிவிடுவோம். கரும்பலகையில் எழுதுவதற்கு அது வசதி. தேர்வில் விடை எழுதுவதற்கும் வசதி. நானும் பல ஆண்டுகள் அவ்வாறு எழுதியவனே. ஒருநாள் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, "ஐயா, யூதர்கள் கருதினர் என்று எழுதியிருக்கிறீர்களே, எல்லா யூதர்களுமா?" என்று கேட்டார். நான் விடை சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. மணியோசை என்னைக் காப்பாற்றியதே தவிர, கேள்வி என்னை விடவில்லை. இன்று நான் ஆற்றும் இச்சொற்பொழிவை அந்தக் கேள்விக்கு நான் காலந்தாழ்த்திச் சொல்லும் விடையாகக் கொள்ளுங்கள்.

நான் எடுத்துக்கொண்ட பொருள் சற்று அரிதானது. தம் பாலினரிடமே காதல் நாட்டம் கொண்டோரைத் தன்பாலீர்ப்புடையோர் என்கிறோம். அத்தகையோர் தம் இயல்பை மறைக்காமல் நாட்டின் படையில் பணியாற்றலாமா? இக்கேள்வி, சென்ற நூற்றாண்டின் இறுதியிலும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் அமெரிக்காவிலும் இஸ்ரேலிலும் பெரும் வாதமாக எழுந்தது. அந்த வாதத்தில் யூதர்கள் ஒரு குரலில் பேசவில்லை. மறைநூலை நம்புவோர் ஒருபுறமும் நம்பாதோர் மறுபுறமும் நின்றார்கள் என்று எளிதாகக் கூறிவிடவும் இயலாது. நம்பியவர்களுக்குள்ளேயே பிளவு இருந்தது. அந்தப் பிளவு எங்கே விழுந்தது, ஏன் விழுந்தது என்பதையே நாம் காணப்போகிறோம்.

முதலில் மறைநூல் கூறுவதைப் பார்ப்போம். யூதரின் திருமறையாகிய தோராவில், தமிழ் விவிலியம் லேவியராகமம் என்று குறிக்கும் பகுதியில், 18, 20 ஆகிய இரண்டு அதிகாரங்களில் ஆணோடு ஆண் கூடுவது விலக்கப்பட்டிருக்கிறது. இரண்டாவது இடத்தில் அதற்கு மரண தண்டனையும் விதிக்கப்பட்டிருக்கிறது. பிற்காலச் சட்ட அறிஞர்களாகிய ரபிகளும் இந்த விலக்கை உறுதி செய்தனர். ஆகவே மரபு வழி நிற்கும் யூதர் ஒருவர், "இது எங்கள் நெறிக்கு ஒவ்வாதது" என்று கூறினால், அவர் வெறுப்பினால் மட்டும் பேசுகிறார் என்று தள்ளிவிட முடியாது. மிகப் பழமை வாய்ந்த ஒரு நூலின் எடை அவர் சொல்லுக்குப் பின்னால் நிற்கிறது.

ஆனால் அதே தோரா, ஓய்வுநாளை மீறித் தொழில் செய்பவனுக்கும் மரண தண்டனையே விதிக்கிறது. அத்தண்டனைகளை நிறைவேற்றும் அதிகாரம் பெற்ற பண்டை நீதிமன்றங்கள் மறைந்து ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. இன்று சனிக்கிழமையில் வண்டியோட்டும் யூத வீரனைப் படையிலிருந்து விலக்குக என்று எந்த ரபியும் எந்த அரசிடமும் மனுக் கொடுப்பதில்லை. ஆக, இங்கே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒரு செயல் பாவமா என்பது ஒன்று. அதைச் செய்பவரை அரசு தன் படையிலிருந்து நீக்க வேண்டுமா என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒரே கேள்வி என்று கருதியவர்கள் ஒருபுறம் சென்றனர். வெவ்வேறு கேள்விகள் என்று கண்டவர்கள் மறுபுறம் சென்றனர். நான் கூறவிருக்கும் வரலாறு முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டைச் சுற்றியே சுழல்கிறது.

இனி அமெரிக்காவுக்குச் செல்வோம். தன்பாலீர்ப்பு படைப்பணிக்குப் பொருந்தாதது என்பது 1980களில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் எழுத்து வடிவான கொள்கையாக இருந்தது. 1992ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்ற பில் கிளிண்டன் இத்தடையை நீக்குவதாக வாக்களித்திருந்தார். பதவியேற்றதும் படைத்தலைவர்களும் காங்கிரஸ் உறுப்பினர் பலரும் அவரை எதிர்த்தனர். முடிவில் ஓர் ஒப்பந்தம் பிறந்தது. 1993 நவம்பரில் சட்டமான அந்த ஒப்பந்தத்தை மக்கள் "கேளாதே, சொல்லாதே" என்று அழைத்தனர். மேலதிகாரி கேட்கக் கூடாது. வீரன் சொல்லக் கூடாது. சொல்லிவிட்டால், அல்லது வேறு வழியில் வெளிப்பட்டுவிட்டால், பணிநீக்கம்.

கேட்பதற்கு இச்சட்டம் மென்மையாகவே ஒலித்தது. நடைமுறையில் அது பொய்யை ஒரு கடமையாக்கிற்று. விடுமுறையில் யாருடன் இருந்தாய் என்று நண்பன் கேட்டால் பொய் சொல்ல வேண்டும். போரில் மாண்டால் செய்தி யாருக்குப் போக வேண்டும் என்று படிவம் கேட்டால், உள்ளத்தில் உள்ள பெயரை எழுதத் தயங்க வேண்டும். சட்டம் நடப்பில் இருந்த 17 ஆண்டுகளில் பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதன்கீழ் வெளியேற்றப்பட்டனர். அரபு மொழி அறிந்த மொழிபெயர்ப்பாளர்களும் அவர்களுள் பலர். மேற்காசியாவில் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், அம்மொழி அறிந்தவர்களைப் படை தானே இழந்தது.

இச்சட்டத்தைப் பற்றி அமெரிக்க யூதர்கள் என்ன கருதினர்? இதோ, என் பழைய பழக்கம் தலைகாட்டுகிறது. "எந்த யூதர்கள்" என்று கேட்பதே முறை. அமெரிக்க யூத சமயத்தில் மூன்று பெரும் பிரிவுகள் உள்ளன. ஆர்த்தடாக்ஸ், கன்சர்வேடிவ், ரிஃபார்ம் என வழங்கும் அவற்றை நாம் பழமரபினர், நடுவழியினர், சீர்திருத்தப் பிரிவினர் எனக் குறிப்போம். தோராவின் சட்டங்கள் இன்றும் முழுமையாகக் கட்டுப்படுத்தும் என்பவர்கள் பழமரபினர். கட்டுப்படுத்தும், ஆயினும் காலத்துக்கேற்ப விளக்கம் வளரும் என்பவர்கள் நடுவழியினர். சடங்கைவிட அறநெறியே முதன்மையானது, சட்டத்தைத் தனிமனிதரின் அறிவும் மனச்சான்றும் எடைபோடலாம் என்பவர்கள் சீர்திருத்தப் பிரிவினர்.

சீர்திருத்தப் பிரிவின் நிலை தொடக்கத்திலேயே தெளிவாக இருந்தது. அப்பிரிவின் ரபிகள் மன்றம் 1977ஆம் ஆண்டிலேயே, தன்பாலீர்ப்பைக் குற்றமாக்கும் சட்டங்களை நீக்கவேண்டும் என்று தீர்மானம் இயற்றியிருந்தது. 1990இல் தன்பாலீர்ப்புடையோர் ரபிகளாகவும் ஆகலாம் என்று ஏற்றது. படைத்தடையை எதிர்ப்பது அவர்களுக்கு அதே பாதையில் அடுத்த அடி. அவர்களுடைய வாதத்தின் அடியில் இரண்டு நினைவுகள் இருந்தன. ஒன்று, நாஜி ஜெர்மனியின் நினைவு. அங்கே வதைமுகாம்களில் யூதருக்கு மஞ்சள் நிற அடையாளத்தையும், தன்பாலீர்ப்புடைய ஆடவருக்கு இளஞ்சிவப்பு முக்கோணத்தையும் தைத்தனர். அடையாளம் குத்தி மனிதரைப் பிரிப்பது எங்கே கொண்டுபோய்விடும் என்பதை யூதருக்குப் பிறர் சொல்லித்தர வேண்டியதில்லை.

மற்றொன்று, அமெரிக்கப் படையிலேயே நேர்ந்த ஓர் அனுபவம். சிம்கா கோல்ட்மன் என்பவர் பழமரபு யூதர், ரபி, விமானப்படையில் உளவியல் மருத்துவராகப் பணியாற்றிய காப்டன். சமயக் கடமைப்படி கிப்பா என்னும் சிறு குல்லாயைத் தலையில் அணிந்திருந்தார். சில ஆண்டுகள் யாரும் பொருட்படுத்தவில்லை. பின்னர் ஒரு புகார் எழுந்து, சீருடை விதிக்கு மாறானது, அகற்றுக என்று ஆணை பிறந்தது. அவர் வழக்குத் தொடுத்தார். 1986இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. படையின் ஒருமைக்கும் ஒழுங்குக்கும் எது தேவை என்பதைப் படையே முடிவு செய்யட்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். அடுத்த ஆண்டே காங்கிரஸ் சட்டமியற்றி, அடக்கமான சமய அணிகளைச் சீருடையோடு அணியலாம் என்று அனுமதித்தது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. கிப்பா அணிந்த யூதனை நோக்கிப் படை கூறிய காரணமும், தன்பாலீர்ப்புடைய வீரனை நோக்கிக் கூறிய காரணமும் ஏறத்தாழ ஒன்றே: நீ வேறுபட்டவன் என்று வெளிப்படையாகத் தெரிந்தால் அணியின் ஒற்றுமை குலையும். "மறைத்துக்கொண்டால் இருக்கலாம்" என்ற சொல்லின் கசப்பை யூதர் அறிந்திருந்தனர். ஸ்பெயினில் 15ஆம் நூற்றாண்டில் வீட்டுக்குள் ஒளித்துத் தம் சமயத்தைக் காத்த முன்னோரின் கதை அவர்களுக்குப் பாட்டி சொன்ன கதை. ஆகவே தடையை எதிர்த்த யூதர்களுக்கு இது பிறர் வழக்காகத் தோன்றவில்லை.

ஆயினும் எதிர்த்தரப்பின் வாதத்தையும் அதன் முழு வலிமையோடு கேட்பதே வரலாற்று மாணவரின் கடமை. பழமரபினர் பலர் கூறியது இது: "தனிமனிதரின் அந்தரங்கத்தை ஆராய நாங்கள் வரவில்லை. 'கேளாதே, சொல்லாதே' என்னும் சட்டம் அந்தரங்கத்தை அந்தரங்கமாகவே விட்டுவைக்கிறது. வெளிப்படையாக அறிவிக்கலாம் என்று அரசு கூறினால், தோரா விலக்கியதைப் பொது நெறியாக அரசே ஏற்கிறது என்று பொருளாகும். பாவம் செய்வது ஒன்று. அதனைப் பாவமன்று என்று அறிவிப்பது வேறு." இதனோடு நடைமுறைக் கவலைகளும் சேர்ந்தன. நெருக்கமான பாசறை வாழ்வில் நாணமும் அடக்கமும் எவ்வாறு காக்கப்படும்? மரபை நம்பும் இளைஞர் படையில் சேரத் தயங்கமாட்டார்களா? படையில் சமயப் பணியாற்றும் ரபி, தோராவின் விலக்கை எடுத்துரைத்தால் அவர் வாய் அடைக்கப்படுமா?

இக்கேள்விகளில் எதுவும் அற்பமானதன்று. குறிப்பாக இறுதிக் கேள்வி நியாயமானது. பின்னர் 2010இல் பாதுகாப்புத் துறை ஆய்வுக்குழு தன் அறிக்கையை வெளியிட்டபோது, சமயப் பணியாளர் எவரும் தம் நம்பிக்கையை மாற்றிக்கொள்ளவோ தம் சமயத்துக்கு மாறாகப் போதிக்கவோ கட்டாயப்படுத்தப்படமாட்டார் என்று தெளிவுறுத்த நேர்ந்தது. எதிர்ப்பாளர்கள் அந்தக் கவலையை எழுப்பியிராவிட்டால் அந்த உறுதிமொழி அவ்வளவு தெளிவாகக் கிடைத்திராது என்று நான் எண்ணுகிறேன். வாதத்தில் தோற்றவர்களும் வரலாற்றுக்குத் தம் பங்கைச் செலுத்திவிட்டே செல்கிறார்கள்.

அமெரிக்காவில் இவ்வாதம் தொடங்கிய அதே 1993ஆம் ஆண்டில், யூதர்கள் பெரும்பான்மையினராக வாழும் இஸ்ரேல் நாட்டில் இதே கேள்விக்கு வேறு விதமாக விடை கிடைத்தது. அந்நாட்டுப் படை தன்பாலீர்ப்புடையோரை முற்றிலும் விலக்கியதில்லை. ஆனால் 1983ஆம் ஆண்டு விதி ஒன்று, அவர்களை உளவியல் பரிசோதனைக்கு அனுப்பவும் இரகசியப் பணிகளிலிருந்து ஒதுக்கவும் இடந்தந்தது. பகைவர் அவர்களுடைய இரகசியத்தை அறிந்து மிரட்டக்கூடும் என்பதே கூறப்பட்ட காரணம்.

1993 பிப்ரவரியில், கினெசெட் எனப்படும் இஸ்ரேல் நாடாளுமன்றத்தின் கூட்டம் ஒன்றில் ஊசி ஈவன் என்னும் வேதியியல் பேராசிரியர் சாட்சியம் கூறினார். அவர் டெல் அவீவ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். நாட்டின் அணு ஆராய்ச்சியிலும் படையின் உளவுப் பிரிவிலும் பணியாற்றியவர். ஓர் ஆடவரோடு வாழ்கிறார் என்பது தெரியவந்ததும், 1980களின் தொடக்கத்தில் அவருடைய இரகசியப் பணிக்கான அனுமதி பறிக்கப்பட்டது. அவருடைய வழக்கு ஒரு விந்தையை வெளிப்படுத்திற்று. இரகசியம் உடையவனைத்தான் மிரட்ட முடியும். ஒளிவின்றி வாழ்பவனை எதைச் சொல்லி மிரட்டுவது? மறைக்கச் சொல்லும் விதியே மிரட்டலுக்கு வழி திறந்துவிடுகிறது அன்றோ!

அக்கூட்டத்தை முன்னின்று நடத்தியவர் யாயெல் தயான் என்னும் உறுப்பினர். புகழ்பெற்ற தளபதி மோஷே தயானின் மகள். அம்மாதமே அவர் கினெசெட்டில் பேசுகையில், விவிலியத்தின் தாவீது, போர்க்களத்தில் மாண்ட நண்பன் யோனத்தானுக்காகப் பாடிய இரங்கற்பாவை எடுத்துக்காட்டி, அது காதலின் குரல் அன்றோ என்று பொருள்படப் பேசினார். சமயக் கட்சிகளின் உறுப்பினர்கள் கொதித்தெழுந்தனர். தாவீது அவர்களுக்குத் திருப்பாடல்களின் ஆசிரியர். மெசியா தோன்றவிருக்கும் குலத்தின் முதல்வர். ஒரே பாட்டில் ஒருவர் தூய நட்பைக் கேட்டார், மற்றொருவர் காதலைக் கேட்டார். லேவியராகமமும் தாவீதின் புலம்பலும் ஒரே விவிலியத்தில் இருக்கின்றன என்பதே இந்த வாதத்தின் சிக்கல்.

1993 ஜூனில் இஸ்ரேல் படை தன் விதியை மாற்றியது. சேர்ப்பிலும் பணியமர்த்தலிலும் பதவி உயர்விலும் பாலீர்ப்பை அடிப்படையாகக் கொண்டு வேறுபாடு காட்டலாகாது என்று ஆணையிட்டது. எஞ்சியிருந்த கட்டுப்பாடுகள் 1998இல் நீங்கின. ஊசி ஈவன் 2002இல் கினெசெட் உறுப்பினரானார். தன் தன்பாலீர்ப்பை மறைக்காமல் அச்சபையில் அமர்ந்த முதல் உறுப்பினர் அவரே.

இஸ்ரேலில் எளிதாக முடிந்தது அமெரிக்காவில் ஏன் 17 ஆண்டுகள் இழுத்தது? இரண்டு காரணங்களைக் கூறலாம். இஸ்ரேலில் படைப்பணி கட்டாயம். ஆடவரும் பெண்டிரும் 18 வயதில் சேர்கின்றனர். எல்லாரும் செல்லும் இடத்திலிருந்து ஒருவரை ஒதுக்குவது குடியுரிமையிலிருந்தே ஒதுக்குவதற்கு ஒப்பாகும். மேலும், சிறு நாடு, ஆள்பலம் இன்றியமையாதது. இரண்டாவது காரணம் சுவையானது. 1948இல் பிரதமர் பென்குரியன் சமயப் பள்ளி மாணவர்களுக்குப் படைப்பணியிலிருந்து விலக்கு அளித்தார். அன்று அவர்கள் ஏறத்தாழ 400 பேர். பின்னர்ப் பல்லாயிரவர் ஆயினர். இதனால், தோராவைக் கடுமையாகப் பின்பற்றுவோரில் பெரும்பகுதியினர் பாசறைக்கு வெளியே இருந்தனர். பாசறையின் விதிகளை மற்றவர்கள் வகுத்தனர். அந்த விலக்குக்குச் சட்ட அடிப்படை இல்லை என்று இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் 2024 ஜூனில் தீர்ப்பளித்தது.

இங்கே ஒரு சிறு குறிப்பு. இஸ்ரேலில் தன்பாலீர்ப்பைக் குற்றமாக்கிய சட்டம் தோராவிலிருந்து வந்ததன்று. பாலஸ்தீனத்தை ஆண்ட ஆங்கிலேயர் 1936இல் இயற்றிய குற்றச் சட்டத்திலிருந்து வந்தது. நம் நாட்டில் 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவும் அவர்களுடைய கைவண்ணமே. இஸ்ரேல் 1988இல் அதனை நீக்கியது. இந்திய உச்ச நீதிமன்றம், வயது வந்தோர் இருவரின் இசைவுடன் கூடிய உறவுக்கு அப்பிரிவு பொருந்தாது என்று 2018இல் தீர்ப்பளித்தது. பழைமையான மரபு என்று நாம் எண்ணுவதில் எவ்வளவு மறைநூலிலிருந்து வந்தது, எவ்வளவு ஆட்சியாளரின் மையிலிருந்து வந்தது என்று பிரித்துப் பார்ப்பது வரலாற்று மாணவருக்கு நல்ல பயிற்சி.

மீண்டும் அமெரிக்காவுக்கு வருவோம். பழமரபினருக்கும் சீர்திருத்தப் பிரிவினருக்கும் இடையே நின்ற நடுவழியினர் என்ன செய்தனர்? அவர்களுடைய ரபிகள் மன்றம், குடியுரிமையில் தன்பாலீர்ப்புடையோருக்குச் சமநிலை வேண்டும் என்று 1990இல் தீர்மானித்தது. ஆனால் சமயச் சட்டத்தில் தடையை வைத்திருந்தது. நான் முன்பு கூறிய இரண்டு கேள்விகளையும் அவர்கள் பிரித்துவிட்டார்கள் என்பதை நோக்குங்கள். பின்னர் 2006 டிசம்பரில், 25 பேர் கொண்ட அவர்களுடைய சட்டக்குழு, தன்பாலீர்ப்புடையோர் ரபிகளாகலாமா என்பதை ஆராய்ந்தது. மனித மாண்பு என்னும் பழைய ரபினிக் கோட்பாட்டை முன்வைத்து, பெரும்பாலான தடைகளை நீக்கிய தீர்ப்புரை ஒன்று 13 வாக்குகள் பெற்றது. தடை நீடிக்கும் என்ற தீர்ப்புரையும் 13 வாக்குகள் பெற்றது. கணக்கில் வல்லவர்கள் வியப்பீர்கள். 25 பேரிடமிருந்து 26 வாக்குகள் எவ்வாறு வந்தன? ஓர் உறுப்பினர் இரண்டுக்குமே வாக்களித்தார். இரண்டும் செல்லத்தக்க வழிகள் என்பது அவர் கருத்து. அக்குழுவின் விதிப்படி இரண்டும் ஏற்கப்பட்டன. மனம் ஒப்பாத உறுப்பினர் நால்வர் குழுவிலிருந்து விலகினர்.

இதனைக் கண்டு நகைப்போரும் உண்டு. நான் நகைக்கமாட்டேன். யூத மரபின் அடிப்படை நூலாகிய தால்முத், ஹில்லெல், ஷம்மாய் என்னும் இரு ஆசான்களின் பள்ளிகள் வாதிட்டதைப் பதிவு செய்திருக்கிறது. வென்ற கருத்தோடு தோற்ற கருத்தையும் அது போற்றி வைத்திருக்கிறது. என்றேனும் ஒருநாள் பிற்காலத்தார் அதனைத் தேடி வரலாம் என்ற எண்ணம் அதற்கு ஒரு காரணம். கருத்து வேறுபாட்டை அழிக்காமல் ஏட்டில் காப்பது அம்மக்களின் பழைய வழக்கம்.

இனி 2010ஆம் ஆண்டுக்கு வருவோம். "கேளாதே, சொல்லாதே" சட்டத்தை நீக்கும் முயற்சிக்குச் செனட் சபையில் தலைமை தாங்கியவர் கனெக்டிகட் மாநில உறுப்பினர் ஜோசப் லீபர்மன். அவர் சீர்திருத்தப் பிரிவினர் அல்லர். ஓய்வுநாளை வழுவாது போற்றிய பழமரபு யூதர். அந்த ஆண்டு மார்ச்சில் அவரே நீக்க மசோதாவைக் கொண்டுவந்தார். அவரைக் குறைகூறியவர்களும் அவருடைய சமயப் பிரிவிலேயே இருந்தனர். தோராவை ஏற்பவர் எவ்வாறு இதைச் செய்யலாம் என்று கேட்டனர். நாட்டுக்காக உயிர் கொடுக்க முன்வருபவரை அவருடைய இயல்பைக் காரணம் காட்டி வெளியேற்றுவது அமெரிக்க நீதிக்கு ஒவ்வாது, படைக்கும் நட்டம் என்பதே அவருடைய நிலை. தோராவின் சொல்லை அவர் மாற்றவில்லை. அதனை நிறைவேற்றும் காவலாளியாகப் படைத்தலைவனை நியமிக்க மறுத்தார். அவ்வளவே.

இறுதி வாக்கெடுப்பு டிசம்பர் 18ஆம் நாள் வந்தது. அது சனிக்கிழமை, யூதரின் ஓய்வுநாள். ஓய்வுநாளில் தேர்தல் பிரசாரம் செய்யாதவர் லீபர்மன். ஆனால் மக்களின் உயிரும் நலனும் சார்ந்த வாக்கெடுப்பு நேர்ந்தால் கடமையைச் செய்ய வேண்டும் என்று அவர் கொண்டிருந்தார். அத்தகைய நாட்களில் வண்டியேறாமல் நெடுந்தூரம் நடந்தே செனட் சபைக்குச் செல்வது அவர் வழக்கம். அன்றும் அவர் சபையில் இருந்தார். 65 வாக்குகள் ஆதரவாகவும் 31 எதிராகவும் விழுந்தன. ஒரு விதிக்காக ஓய்வுநாளின் அமைதியைத் துறந்த அதே மனிதர், மற்றொரு விதிப்படி நடந்தே வரும் இயல்பினர். மரபு என்பது கல்லில் வெட்டிய கோடன்று, ஒரு மனிதர் நாள்தோறும் எடைபோட்டு நடக்கும் வழி என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

நான்கு நாள் கழித்து, டிசம்பர் 22ஆம் நாள், அதிபர் ஒபாமா அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அவ்விழாவில் தொடக்க வழிபாட்டுரை ஆற்றியவர் ஒரு யூத ரபி. நடுவழிப் பிரிவைச் சேர்ந்தவர். கடற்படையில் சமயப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்ற ஆர்னல்ட் ரெஸ்னிகாஃப். அவரைப் பற்றி ஒரு நிகழ்ச்சியைக் கூறவேண்டும்.

1983 அக்டோபரில் அவர் லெபனானின் பெய்ரூட் நகருக்குச் சென்றிருந்தார். வெள்ளிக்கிழமை, மாண்ட வீரர் ஒருவருக்கு இரங்கல் வழிபாடு நடத்தினார். ஓய்வுநாளில் பயணம் செய்யலாகாது என்பதால் அங்கேயே தங்கினார். ஞாயிறு விடியலில் வெடிமருந்து நிரப்பிய வண்டி ஒன்று அமெரிக்கப் படையினர் தங்கியிருந்த கட்டடத்தைத் தகர்த்தது. அமெரிக்க வீரர் 241 பேர் மாண்டனர். ரெஸ்னிகாஃபும் அவருடைய தோழராகிய கத்தோலிக்கப் பாதிரியார் ஒருவரும் இடிபாடுகளுக்கிடையே காயமுற்றோரைத் தேடினர். குருதியைத் துடைக்க வேறு துணி இல்லாமல் ரபியின் கிப்பா பயன்பட்டு வீணாயிற்று. அதைக் கண்ட பாதிரியார் தம் படையுடையின் துணியிலிருந்து ஒரு வட்டம் கிழித்து, ரபியின் தலையில் வைத்தார். யூதனும் கிறித்தவனும் ஒருங்கே இடர் களைகின்றனர் என்பதை அங்கிருந்தோர் காணட்டும் என்பது அவர் எண்ணம்.

புதிய சட்டம் 2011 செப்டம்பர் 20ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதனோடு வாதம் முடிந்துவிடவில்லை. 2016இல் இஸ்ரேலில், படைக்குச் செல்லும் சமயப்பற்றுள்ள இளைஞரைப் பயிற்றும் ஏலி என்னும் ஊர்க் கல்விக்கூடத்தின் தலைவர்களுள் ஒருவரான ரபி இகால் லெவின்ஸ்டைன், தன்பாலீர்ப்புடையோரை இழித்துரைத்தும், அவர்களைப் படை ஏற்பதைக் கண்டித்தும் பேசினார். நூற்றுக்கணக்கான ரபிகள் அவரை ஆதரித்துக் கையெழுத்திட்டனர். பழமரபு ரபிகளிலேயே வேறு சிலர் அச்சொற்களைக் கண்டித்தனர். அப்பள்ளியின் மாணவர் பலர் படையில் அதிகாரிகள். போரில் மாண்டவர்களும் அவர்களுள் உண்டு. ஆகவே இதனை வெளியிலிருந்து வந்த வசை என்று ஒதுக்க இயலவில்லை. ஒரே பாசறையில் தோளோடு தோள் நிற்பவர்களிடையே நிகழும் வழக்கு இது. பின்னர், 2023 நவம்பரில், போர் நடந்துகொண்டிருந்த வேளையில், மாண்ட வீரரின் குடும்பத்தார் பற்றிய சட்டத்தைக் கினெசெட் திருத்தி, ஒரே பாலினத் துணைவருக்கும் கைம்மை நிலையின் உரிமைகளைச் சமமாக்கியது. படிவத்தில் எழுதத் தயங்கிய பெயரைப் பற்றி முன்பு கூறினேன் அல்லவா? அந்தப் பெயருக்கு அங்கே சட்டத்தில் ஓர் இடம் கிடைத்தது.

மாணவ நண்பர்களே, இவ்வரலாற்றிலிருந்து நான் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இத்தனை ஆண்டுக்கால வாதத்தில் லேவியராகமத்தின் ஓர் எழுத்தும் மாறவில்லை. அதனை நம்புவோர் இன்றும் நம்புகின்றனர். நம்புவதற்கு அவர்களுக்கு உரிமையும் உண்டு. மாறியது வேறொன்று. தாம் பாவம் என்று கருதும் ஒன்றைச் செய்யும் அண்டை வீட்டானை, அந்தக் காரணத்துக்காகவே, தாய்நாட்டைக் காக்கும் பணியிலிருந்து துரத்த வேண்டுமா என்னும் கேள்விக்குப் பலர் தந்த விடை மாறியது. நம்பிக்கையைக் கைவிடாமலேயே அந்த விடையை மாற்றிக்கொள்ள முடியும் என்பதை லீபர்மன் போன்றோர் காட்டினர். முடியாது என்று கூறியோரும் நேர்மையோடே கூறினர். நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதை என் சொற்களிலிருந்தே நீங்கள் உணர்ந்திருப்பீர்கள். அதனை நீங்கள் ஏற்க வேண்டும் என்பதில்லை.

என் வகுப்பில் அன்று எழுந்து நின்ற மாணவிக்கு, நான் சொல்லத் தவறிய விடையை இப்போது சொல்கிறேன். "இல்லை அம்மா, எல்லா யூதர்களும் அல்லர். எந்த மக்களும் ஒரே தலையால் சிந்திப்பதில்லை. இனி நான் கரும்பலகையில் அவ்வாறு எழுதினால், மணி அடித்தாலும் என்னை விடாதே."